தெரிந்தவர் ஒருவரின் கழுத்து

லிஃப்ட் கதவு மூடியதுதான் தாமதம், அவர் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுகளுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தார். எதிரே இருந்த எஃகுச் சுவரில் அவருடைய கழுத்து பத்து வருடம் பின்னால் போனது. விரலை எடுத்தார். எல்லாம் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி இழுத்தார். இரண்டாவது மாடியில் கதவு திறந்தது. வெளியே நின்ற பெண்மணி அவரைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், அடுத்த லிஃப்டில் வருவதாகச் சொல்லிவிட்டார். இவர் காதைச் சொறிவதுபோலச் சமாளித்தார். இரண்டு காதையும் ஒரே நேரத்தில் எவராவது சொறிவதுண்டா?

இவரை உங்களுக்குத் தெரியும். இவர் சும்மா விசாரிக்கும் இனம்.

இந்த இனத்துக்குத் தனக்கென்று உலகத்தில் எதுவும் வேண்டாம். வேண்டியதெல்லாம் தெரிந்தவர் ஒருவருக்கு. மூலத்துக்கு மருந்து கேட்டால் தெரிந்தவருக்கு, வழுக்கையில் முடி நடுவதைப் பற்றிக் கேட்டால் தெரிந்தவருக்கு, குறட்டையை நிறுத்தும் தலையணை கிடைக்குமா என்று கடை கடையாக ஏறி இறங்கினால் அதுவும் தெரிந்தவருக்கு. அந்தத் தெரிந்தவருக்கு இவருடைய வயது, இவருடைய எடை, இவருடைய செருப்பு அளவு. "எவ்வளவு நாளா இருக்கு?" என்று மருந்துக்கடையில் கேட்டால், தெரிந்தவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்வதில்லை. பதில் உடனே வரும். "பொதுவாக் கேட்டேன்", "ஒரு தகவலுக்காகத்தான்", "நமக்கெதுக்கு இதெல்லாம்?" என்ற மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டு ஓர் ஆயுளையே ஓட்டிவிடுவார்கள். ஓட்டியும் இருக்கிறார்கள்.

நம்மவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரார் முகத்தைப் பார்ப்பதுதான் பிழைப்பு. வருகிறவரின் மூக்கு, காது, நெற்றியை ஒரு நோட்டம் விட்டு, ஒரு ஃப்ரேமை எடுத்து மாட்டி, ஓர் அடி பின்னால் போய் நின்று, "பத்து வயசு குறைஞ்சு போச்சு, நீங்களே பாருங்க" என்பார். இருபத்தைந்து வருடமாக எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி, தனக்கும் சேர்த்துத்தான் குறைகிறது என்று நம்பிவிட்டார். கடையில் சுற்றிலும் கண்ணாடி. எல்லாம் நேருக்கு நேர் பார்க்கிற கண்ணாடி. நேருக்கு நேர் பார்த்தால் அவரும் மோசமில்லை.

கெடுதல் கடைக்கு எடுத்த விளம்பரத்தில் வந்தது. கடையில் வேலை செய்யும் பெண் ஒரு வீடியோ எடுத்தாள், அதுவும் பக்கவாட்டிலிருந்து. அதில் யாரோ ஒருவருடைய கழுத்து அவருடைய சட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தபடி வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தது. அவர் ஒருமுறை பார்த்தார். வெளிச்சம் சரியில்லை என்றார். அந்தப் பெண் வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி எடுத்தாள். கழுத்தும் கூடியது.

அன்று தொடங்கிய படிப்பு. கல்லாவுக்குக் கீழே கைபேசியை வைத்து, சத்தத்தை அணைத்து, உலகத்தில் உள்ள அத்தனை முகங்களையும் கீறித் தைப்பதைப் பார்த்தார். ஊசி எது, நூல் எது, கத்தி எது என்று கரைத்துக் குடித்தார். பிறகு டிவியில் செய்தி வாசிக்கிறவரை விடவில்லை. "இது நூல். பிரிஞ்சுக்கிட்டு வருது பாரு." பணி ஓய்வு விருந்துக்குப் போனால் ஓய்வு பெறுகிறவரின் கன்னத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "ஃபில்லர், கொஞ்சம் ஓவர்" என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தார். மனைவி டிரைவிங் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவள். நாளெல்லாம் அடுத்தவர் தப்புக்கு பிரேக் மிதித்துவிட்டு வருகிறவளுக்கு யார் கன்னத்தில் என்ன இருந்தால் என்ன? போன வருடம் மீன் தொட்டி, இந்த வருடம் இது என்று விட்டுவிட்டாள்.

ஒருநாள் துணிந்து ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவமனைக்கு போன் செய்தார். மறுமுனையில் ஒரு பெண்ணின் இனிய குரல் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"யாருக்கு சார்?"

எனக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவரை நம்புங்கள். வாய் தன் பழக்கப்படி, "என் மனைவிக்கு" என்றது. தெரிந்தவருக்கு என்றால் தெரிந்தவரே பேசட்டும் என்பார்களோ என்ற பயத்தில், நாக்கு பக்கத்தில் கிடைத்த ஆளைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் பெயரைப் பதிந்துகொண்டு, மேடம் அவசியம் வர வேண்டும் என்றாள்.

மனைவியிடம் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? தெரிந்தவர் ஒருவருக்காக ஒரு டாக்டரிடம் விசாரிக்க வேண்டும், தனியாகப் போக ஒருமாதிரி இருக்கிறது, நீயும் வா என்றார். உள்ளே போனதும் டாக்டரை நைசாக ஓரம்கட்டி விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்பது திட்டம். அவருடைய திட்டங்கள் எல்லாமே உள்ளே போன பிறகு தொடங்குகிறவை.

அவள் அவரை வாசலில் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போயிருந்தாள். அந்த இடைவெளியில்தான் லிஃப்ட்.

அவளும் மேலே வந்து உட்கார்ந்ததும் வரவேற்பில் இருந்த பெண் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் கணவனைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த, கழுத்தில் ஒரு மடிப்புகூட இல்லாத ஒரு பெண்ணின் படத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

"என் பேரை ஏன் கூப்பிடறாங்க?"

"ஏதோ ஒரு பேர் கொடுக்கணுமேன்னு கொடுத்தேன். சும்மா வா."

டாக்டருக்கே இரட்டை மோவாய். அதை மறைக்கவும் இல்லை, அதற்காக வருந்தவும் இல்லை. அவளை விளக்கின் கீழே உட்காரவைத்து, முகத்தில் கோடு போட்டுக் காட்டினால் எளிதில் புரியும், போடலாமா என்று கேட்டார். அவள் கொஞ்ச நேரம் கணவனையே பார்த்தாள். அவர் ஓரம்கட்டுவதற்கு ஓர் ஓரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அறை சின்னது.

"போடுங்க டாக்டர்" என்றாள் அவள். "என்னதான் இருக்குன்னு நானும் பார்க்கறேன்."

டாக்டர் ஊதா மார்க்கர் பேனாவைத் திறந்தார். நெற்றியில் இரண்டு கோடு. இங்கே போடாக்ஸ், ஊசிதான், தசையைச் சில மாதம் தூங்கவைக்கும், பிறகு அது எழுந்துவிடும். மூக்கோரத்தில் இரண்டு வளைவு. இங்கே ஃபில்லர், பள்ளத்தை நிரப்பும், நாளாவட்டத்தில் கரையும். கன்னத்தில் நூல் போட்டுக் கொஞ்சம் தூக்கலாம், அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. தளர்ந்து தொங்குகிற தோலுக்கு ஊசியும் நூலும் பேச்சுக்குத்தான், கத்திதான் வழி. காதுக்கு முன்னால் தொடங்கி, மடலைச் சுற்றிப் பின்னால் போய், முடிக்குள் மறைகிற கீறல். பேனா அந்த வழியாகவே போயிற்று. கழுத்துக்கு மோவாயின் அடியில் சின்னதாக இன்னொரு கீறல், அதன் வழியாக உள்ளே இருக்கும் தசையை இழுத்துத் தைப்பது. ரத்தம் கட்டலாம், நரம்பில் பட்டால் வாய் ஒரு பக்கம் கோணலாம், வீக்கம் வடிய வாரங்கள் ஆகும். எல்லாம் நன்றாக நடந்தாலும் வயதைக் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தலாம், வழியனுப்ப முடியாது.

நம்மவர் எழுந்து நின்று பார்த்தார். இப்படி ஒரு விளக்கத்தை அவர் பார்த்த எந்த வீடியோவும் தந்ததில்லை. எங்கே கீறல் தொடங்கும், எங்கே மறையும் என்பதெல்லாம் அட்சரசுத்தமாக வரையப்பட்டிருந்தது, அதுவும் உயிருள்ள முகத்தில். கைபேசியை எடுத்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று படம் பிடித்தார். "கொஞ்சம் மோவாயைத் தூக்கு" என்றார். அவள் தூக்கினாள்.

டாக்டர் பேனாவை மூடவில்லை. மற்றவர்கள் சொல்லி வருகிறவர்களுக்குத் தான் கத்தி எடுப்பதில்லை என்றும், முகம் யாருடையதோ ஆசையும் அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். பிறகு அவள் பக்கம் குனிந்தார்.

"அதனால கேக்கறேம்மா. உங்களுக்கு எந்த இடம் உறுத்தலா இருக்கு?"

"எனக்கு ஒண்ணும் உறுத்தல. இங்க வர்றவரைக்கும் எனக்குக் கழுத்துன்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகமில்ல. எந்த இடம்னு அவரைக் கேளுங்க. அவர்தானே கூட்டிட்டு வந்தார்."

இரண்டு முகங்களும் அவர் பக்கம் திரும்பின. ஒன்றில் கோடுகள் இருந்தன. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, எத்தனையோ நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு அதுவாகவே வெளியே வந்தது.

"தாடைக்குக் கீழதான் டாக்டர். நேரா நின்னு பார்த்தா ஒண்ணும் தெரியாது. பக்கவாட்டுல பார்த்தாத்தான். காலருக்கு மேல மடிப்பா வந்து உக்காந்துக்குது. இப்பல்லாம் ஷேவ் பண்றப்போ ஒரு கையால தோலை இழுத்துப் பிடிச்சுக்க வேண்டியிருக்கு."

டாக்டர் அவளுடைய மோவாயைப் பார்த்தார். பிறகு அவருடையதைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

அவள் கோபப்படவில்லை. அவளுடைய மாணவர்கள் தவறான கியரைப் போட்டுவிட்டு விழிக்கும்போது எந்தக் குரலில் கேட்பாளோ அந்தக் குரலில் கேட்டாள்.

"யாருக்குங்க, ஷேவ் பண்றப்போ?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் அவளும் சிரித்திருப்பாள், டாக்டர் பேனாவைத் திறந்து நாற்காலியை மாற்றிப் போட்டிருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும். அவருக்கும் அது தெரியும். நாக்கு மேலண்ணம் வரை போனதை அவரே உணர்ந்தார்.

"பொதுவாச் சொன்னேன்" என்றார்.

வெளியே வந்தபோது வரவேற்பிலிருந்த பெண் முகம் துடைக்க ஈரத்தாள் நீட்டினாள். மனைவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோடுகளோடு லிஃப்டில் ஏறினாள். லிஃப்டில் ஏழு பேர் இருந்தார்கள். எல்லாரும் அவளைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். என்ன மாதிரி ஆள் இவன், பெண்டாட்டி முகத்தில் குறை கண்டுபிடித்து இழுத்து வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். அவர் மாடிகளின் எண்களைப் படித்தார்.

வண்டி சிக்னலில் நின்றபோது அவர் மெதுவாகச் சொன்னார்.

"துடைச்சிரு. பக்கத்து வண்டிக்காரங்க பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். யாருக்காகன்னு நீங்க சொல்லுங்க, இங்கயே துடைச்சிடறேன்."

"உனக்கு எதுக்கு அது? தெரிஞ்சவர்."

"எனக்கும் தெரிஞ்சவரா?"

அவர் பச்சை விழுந்துவிட்டதாகச் சொன்னார். விழவில்லை.

அவள் அப்புறம் பேசியது கீழ்வீட்டு அம்மாவிடம்தான். துணி எடுக்க வெளியே வந்த அந்த அம்மா பதறிப்போய் முகத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்க, இவருக்குத் தெரிந்தவர் ஒருவருக்கு ஆபரேஷன், அவருக்குக் கூச்சம் என்பதால் மாதிரிக்கு என் முகத்தில் வரைந்து பார்த்தார்கள் என்றாள். கீழ்வீட்டு அம்மா, அப்படியும் ஒரு ஆம்பளையா என்றாள். ஆம்பளை என்று நான் சொல்லவே இல்லையே என்றாள் மனைவி. இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சாவியைத் தேடினார்.

இரவு குளியலறையில் அவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு கைபேசியைத் தொட்டி விளிம்பில் சாய்த்துவைத்தார். படத்தில் அவளுடைய முகம். அதைப் பார்த்துத் தன் காதோரத்தில் விரலால் கோட்டைத் தேடினார். ஒருமுறை மட்டும், தேடுவதை நிறுத்தி, படத்தையே சற்று நேரம் பார்த்தார். அவளும் பக்கவாட்டில் இப்படித்தான் இருக்கிறாள் என்று அவர் கவனித்தது அப்போதுதான். மோவாயைத் தூக்கச் சொன்னபோது தூக்கியிருந்தாள். அவருக்கு ஒருமாதிரி இருந்தது. வெளியே போய்ச் சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பிறகு படத்தைப் பெரிதாக்கி, கீறல் எங்கே முடிகிறது என்று பார்த்தார்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். இரண்டு முறை முகம் கழுவியும் ஊதா முழுவதும் போகவில்லை, அல்லது அவள் அதிகம் தேய்க்கவில்லை. புதிதாகச் சேர்ந்த மாணவர் அவளையே பார்த்ததில் வண்டி இரண்டு தடவை நின்றது. அவள் உள்கண்ணாடியைத் திருப்பி வைத்து, "இது பின்னால என்ன வருதுன்னு பார்க்கறதுக்கு. மூஞ்சியப் பார்க்கறதுக்கில்ல" என்றாள். வண்டி நகர்ந்தது.

அவர் கடையைத் திறந்து கண்ணாடிகளைத் துடைத்தார். சட்டையின் மேல் பொத்தானையும் போட்டிருந்தார். பதினொரு மணிக்கு மருத்துவமனையிலிருந்து அதே குரல், மேடம் என்ன முடிவு செய்தார்கள் என்று கேட்டது. "அவங்களுக்கு இன்னும் மனசு வரல. நான் சொல்லிப் பார்க்கறேன்" என்றார். பிறகு ஒரு வாடிக்கையாளர் வந்தார். அவருக்குப் பத்து வயது குறைந்தது.

நீங்கள் இதைச் சும்மா ஒரு தகவலுக்காகத்தான் படித்தீர்கள். தெரியும். காதுக்குப் பின்னாலிருந்து விரலை எடுத்துவிடுங்கள்.