அநியாயம் கேட்டு வந்த பிறகென்ன அண்ணை

இத்தாலியின் பலெர்மோ நகரில் அநியாயங்களை மொத்தமாகக் கொள்முதல் செய்த ஒரே மனிதர் பிறகென்ன அண்ணைதான். மற்றவர்கள் பல்லரோச் சந்தைக்குப் போனால் கத்தரிக்காய் வாங்குவார்கள், மீன் வாங்குவார்கள். இவர் அங்கே தமிழ் முகமாகத் தேடிப் பிடித்து, கிட்ட வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "உங்களுக்கு ஆரும் அநியாயம் செய்தவையோ?" என்று கேட்பார். ஓம் என்றால் முகம் மலர்ந்துவிடும். இல்லை என்றால், ஏதோ கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டது போல வாடிப் போவார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் "பிறகென்ன?" என்று கேட்பார், அதுவே பெயராகிவிட்டது. நெடுத்த ஆள். ஆகஸ்ட் வெயிலிலும் ஒரு சாம்பல் நிறக் கோட்டு. அந்தக் கோட்டில்தான் எங்கள் சந்தேகம் தொடங்கியது. தார் உருகுகிற வெயிலில் ஒருவன் கோட்டுப் போட்டால், அதற்குள் ஏதோ இருக்கத்தானே வேண்டும்?

கதை எதற்கு என்று கேட்டால் அவர் ஒளிக்கவும் மாட்டார். வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், கண் சரியாகத் தெரியாத ஒரு இத்தாலியக் கிழவியை, அவர்கள் பாஷையில் சிஞ்ஞோராவை, அவர் பராமரிக்கிறார். அந்த அம்மா சாப்பாட்டுக்கு வாய் திறப்பதில்லை. ஆனால் அநியாயத்துக்கு ஆளாகி, அதிலிருந்து மேலே வந்த மனிதரின் கதை சொன்னால் கேட்பார். அந்தக் கதையில் அந்த மனிதர் சாப்பிடுகிற இடம் வந்தால் தானும் ஒரு வாய் வாங்குவார். இப்படியே மெலிந்துகொண்டு போனால் முதியோர் விடுதியில் சேர்த்துவிடுவேன் என்று மிலானோவில் இருக்கும் மகன் சொல்லிவிட்டான். தன் கட்டிலை விட்டுப் போவதென்றால் சுடலைக்குத்தான் போவேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். ஆகவே அண்ணைக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கதை வேண்டும்.

நீங்களே சொல்லுங்கள், இதை யாராவது நம்புவார்களா? நாங்கள் நம்பவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. இங்கே வந்த எங்களில் அநேகம் பேர் அகதி விசா கேட்டு ஒரு நாள் ஒரு மேசைக்கு முன்னால் இருந்து, மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க, எங்கள் சீவிய வரலாற்றை அதிகாரிக்குச் சொன்னவர்கள். அவர்கள் ஒருமுறை கேட்பார்கள். பிறகு சுற்றிக்கொண்டு வந்து அதையே இன்னொரு விதமாகக் கேட்பார்கள். உண்மையைத்தான் சொன்னோம். ஆனால் உண்மையை இரண்டு தரம் சொல்லிப் பாருங்கள், சட்டையின் நிறமாவது மாறிவிடும். அதனால் எங்கள் வீடுகளில் ஒரு சட்டம். ரெஸ்ரோரன்ற் குசினியில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் அதைக் கல்லில் வெட்டாத குறையாகச் சொல்லுவார்: "அங்கை சொன்னது சொன்னதுதான். இனி ஆருக்கும் கதை சொல்லப்படாது. கடவுளுக்கும் சுருக்கமாய்ச் சொல்லு."

இப்படிப்பட்ட சனங்களிடம்தான் ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, "பிறகென்ன? பிறகு என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார்.

ஆளாளுக்கு ஒரு முடிவு. பொலிஸ் கந்தோர் குவெஸ்தூராவின் ஆள் என்றார் தமிழ்க்கடைக்காரர். கொழும்பு அரசாங்கத்தின் ஆள் என்றார் வேறொருவர். படம் எடுக்கிறவன், எங்கள் கண்ணீரை வைத்துப் பரிசு வாங்கப் போகிறான் என்றார் இன்னொருவர். மன்னார்க்காரி மேரி அக்கா, என்னோடு படிக்கட்டுக் கழுவும் வேலை செய்கிறவர், ஒரே வார்த்தையில் முடித்தார்: "பொம்பிளை தேடுறான்."

போர்கோ வெக்கியோப் பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் ஆனந்தண்ணை இருக்கிறார். அவர் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தார். தலை முதல் கால் வரை பொய்யான ஒரு கதையைக் கட்டி அண்ணையிடம் கொடுத்தார். தமையன் காணியைப் பறித்தானாம், இவர் வழக்காடி வென்றாராம், வென்ற அன்று கொத்துரொட்டி சாப்பிட்டாராம். அண்ணை நன்றி சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் கதவில் தட்டு. கொத்துக்குள்ளே போட்டது முட்டையா இறைச்சியா என்று சிஞ்ஞோரா கேட்கிறாவாம். ஆனந்தண்ணை திடுக்கிட்டு முட்டை என்றார். அடுத்த நாள் திரும்பவும் தட்டு.

"முட்டை எண்டு சொன்னன். அவ நம்பேல்லை. வழக்கு வெண்டவன் வெறும் முட்டையோடை நிப்பானோ எண்டு கேக்கிறா."

அன்று மாலையே ஆனந்தண்ணை கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டார். அதிகாரிகள் கேட்பதும் இப்படித்தான், துரும்பில் பிடித்துத் தூணை இழுப்பார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் எச்சரிக்கை விட்டார். தன்னுடைய கதை பொய் என்பதை அவர் அந்த வேகத்தில் மறந்தே போனார்.

நான் சாமிக்குப் பயந்தவள். வாசலுக்கு வந்தவரை வெறும் கையோடு அனுப்ப மனம் வராது. அதனால் எங்கள் சமயத்து அடியார்கள் பட்ட பாடுகளில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன். அவர்களை எந்த அலுவலகமும் விசாரிக்க முடியாது பாருங்கள். மேரி அக்கா வேதக்காரர்களின் புனிதர்களைக் கொடுத்தார். அண்ணை இரண்டு நாளில் திரும்பி வந்தார். புனிதர்களை சிஞ்ஞோராவுக்கு ஏற்கெனவே மனப்பாடமாம். எங்கள் அடியார்களோ விரதம் இருக்கிறார்களே தவிர சாப்பிடுகிறார்கள் இல்லையாம். கதைக்கு இரண்டு இலட்சணம் வேண்டும் என்றார்: ஆள் கடைசியில் வெல்ல வேண்டும், நடுவில் சாப்பிட வேண்டும்.

மேரி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஊராற்றை கதையெல்லாம் கேக்கிறீர், உம்மடை கதையைச் சொல்லுமன்."

அண்ணை கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார். "என்ரை கதையிலை சாப்பாடு இல்லை அக்கா."

சொல்லிவிட்டு நடந்துவிட்டார். "கண்டியே, நழுவிட்டான்" என்றார் மேரி அக்கா. எனக்கும் அது நழுவல் போலத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பெல்லெக்ரினோ மலை ஏறி, இந்த ஊரின் காவல் புனிதை ரோசாலியா அம்மாவைக் கும்பிடப் போவோம். வேதக்காரரும் போவார்கள், சைவக்காரரும் போவார்கள், ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது எல்லோரும் ஒரே சமயம்தான். அண்ணையும் தவறாமல் வருவார், ஆனால் ஒரு ஞாயிறு அங்கே வரவில்லை. மறுநாள் சந்தையில் கண்டால், ஆள் கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் எதையும் வாங்காமல் நிற்கிறார். யாரிடமும் அநியாயம் கேட்கவில்லை. அது கேட்பதை விடச் சந்தேகமாக இருந்தது.

"இண்டைக்குப் பிடிப்பம்" என்றார் மேரி அக்கா. "சிஞ்ஞோரா எண்டு ஒருத்தி இருக்கிறாளோ எண்டு பாத்திடுவம்."

பின்னால் போனோம். ஒளித்துத்தான் போனோம் என்று சொல்ல ஆசை. ஆனால் மேரி அக்காவின் கையில் வேலைக்குப் போகும் வாளியும் கூட்டுகிற தும்புத்தடியும் இருந்தன. தும்புத்தடி ஒவ்வொரு மூலையிலும் எங்களுக்கு முந்தித் தலை நீட்டியது. ஒழுங்கைக்குள் ஒரு பழைய வாசலில் அண்ணை நின்றார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"வாளியைக் கீழை வைச்சிட்டு ஏறி வாங்கோ. படி ஒடுக்கம்."

படியில் வைத்துத்தான் விஷயத்தைச் சொன்னார். கதை தீர்ந்துவிட்டது. தமிழர் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தானாக ஒன்று கட்டிச் சொல்லிப் பார்த்தாராம், சிஞ்ஞோரா பொய் என்று பாதியிலேயே பிடித்துவிட்டார். முந்தாநாளிலிருந்து தண்ணீர் மட்டும்தான். மகன் அடுத்த நாள் காலை விமானத்தில் வருகிறான், விடுதியில் இடமும் பேசிவிட்டான்.

"உங்களிட்டை ஒண்டு இருக்கு தங்கச்சி" என்றார் என்னைப் பார்த்து. "முகத்திலை தெரியுது."

இருந்தது. ஆனால் அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. "என்ரை கதையிலை நான் வெல்லேல்லை அண்ணை" என்றேன்.

"சாப்பிட்டனீங்களோ?"

"ஓம்."

"அது காணும். வாங்கோ."

சிஞ்ஞோரா இருந்தார். தலையணைக்குள் ஒரு சிட்டுக்குருவி போல இருந்தார். அண்ணை கிட்டப் போய்க் கையை நீட்டினார். அந்த அம்மா கோட்டின் கையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டினார். அது செத்துப்போன அவருடைய புருஷனின் கோட்டு. அந்தத் துணி விரலில் பட்டால்தான் ஆள் வந்திருக்கிறார் என்று நம்புவாராம். ஆகஸ்டிலும் கோட்டுப் போட்டதன் இரகசியம் இவ்வளவுதான். மேரி அக்கா என் காதுக்குள், "பொம்பிளை தேடேல்லைப் போலை" என்றார்.

எனக்குத் தெரிந்த இத்தாலியனில் தொடங்கினேன். கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்தேன். ஒரு நாள் அந்த வீட்டுக்காரியின் சங்கிலியைக் காணவில்லை. நான்தான் எடுத்ததாகச் சொன்னார். என் பையைக் குசினி மேசையில் கவிழ்க்கச் சொன்னார். கவிழ்த்தேன். சாப்பாட்டுப் பெட்டி விழுந்தது, சீப்பு விழுந்தது, கடதாசியில் மடித்த திருநீறு விழுந்தது. திருநீற்றைக் கண்டதும் அந்த வீட்டுக்காரியின் கண் விரிந்தது. ஒரு விரலால் தொட்டு மணந்து பார்த்தார், தும்மினார், சங்கிலியை விட்டுவிட்டு அதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். எங்கள் கடவுளின் சாம்பல் என்று சொன்னேன். கடவுளை எரித்தது யார் என்று கேட்டார். அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்.

அண்ணை தட்டோடும் கரண்டியோடும் கட்டிலருகே காத்திருந்தார். சிஞ்ஞோரா இத்தாலியனில் கேட்டார்: பிறகென்ன?

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்தக் கேள்வி அண்ணையுடையது அல்ல, இந்தக் கட்டிலில் இருந்து அவர் எடுத்துப் போனது.

பிறகு பஸ் தரிப்பில் இருந்தேன் என்றேன். அழவில்லை, பசித்தது. பெட்டியைத் திறந்து புட்டைச் சாப்பிட்டேன். புட்டு என்றால் என்ன என்று கேட்டார். கூஸ்கூஸ் மாதிரி, ஆனால் தேங்காய்ப்பூப் போட்டு அவிப்பது. தொட்டுக்கொள்ள என்ன? கத்தரிக்காய்க் குழம்பு. பொரித்த கத்தரிக்காயா? ஓம், பொரித்தது. உதடு மெல்லத் திறந்தது. அண்ணை ஒரு கரண்டி கஞ்சிப் பாஸ்தாவை உள்ளே வைத்தார்.

பிறகென்ன?

பிறகு ஒன்றும் இல்லை, சிஞ்ஞோரா. சில மாதம் போய், அந்தச் சங்கிலி நாய் படுக்கிற மெத்தைக்குள் கிடந்ததாக அங்கே வேலைக்குப் போன பிள்ளை சொன்னாள். அந்த வீட்டுக்காரி எனக்கு ஒரு தொலைபேசி எடுக்கவில்லை. கதை முடிந்தது.

அண்ணை கரண்டியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். வெல்லாத கதை, இனிச் சரி என்று நானும் நினைத்தேன். மேரி அக்கா செபமாலையை எடுத்துவிட்டார்.

சிஞ்ஞோரா இரண்டு கையையும் ஊன்றி எழும்பி இருந்தார்.

"ஆர் அவள்? எந்த வீடு? டெலிபோனைக் கொண்டா."

வேண்டாம் சிஞ்ஞோரா, பழைய கதை என்றேன். அவர் கேட்கவே இல்லை. அந்த வீட்டுக்காரியையும் நாயையும் அவர்களின் முன்னோரையும் சிசிலியனில் ஏசினார். ஒரு சொல்லுக்கு மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். இடையில் மூச்சு வாங்கியது. சத்தம் போடப் பலம் வேண்டும் என்று தட்டைத் தானே பிடுங்கி எடுத்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து ஏசினார். இன்னும் கொண்டா என்றார். அண்ணை குசினிக்கு ஓடினார். அவர் ஓடியதை நான் அன்றுதான் கண்டேன்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வேலை போன நாளில் என் வீட்டுக்காரர் விடு, வேறு வேலை பார்ப்போம் என்றார், அவ்வளவுதான். பிள்ளையாரிடம் முறையிட்டேன், அவர் வழக்கம்போலப் பேசாமல் இருந்தார். எனக்காக ஒருவர் கோபப்பட்டது அன்றுதான். அந்தக் கோபத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க, நான் அந்த மேசையில் கவிழ்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் பைக்குள் திரும்பவும் வைப்பது போல இருந்தது.

மறுநாள் மகன் வந்தபோது, கடற்கரை வீட்டின் டெலிபோன் இலக்கத்தைத் தேடித் தரும்படி தாய் அவனை வாசலிலேயே பிடித்தாராம். அவன் விடுதிக்குத் தொலைபேசி எடுத்து இடம் வேண்டாம் என்றுவிட்டான். சண்டை பிடிக்க ஆள் இருக்கும்வரை அவ போகமாட்டா என்று அண்ணை எனக்குச் சொன்னார். சிஞ்ஞோராவின் புருஷனைத் துறைமுகத்தில் செய்யாத களவுக்கு வேலையை விட்டுத் துரத்தினார்களாம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துச் சாப்பாட்டை வெறுத்தே போய்ச் சேர்ந்தாராம். அதனால்தான் அவவுக்கு ஆள் சாப்பிடுகிற கதை வேண்டியிருந்தது என்றார் அண்ணை.

அதற்குப் பிறகு கதவுகள் திறந்தன. மேரி அக்கா தன் கதையைத் தானே கொண்டுபோய்ச் சொன்னார். ஆனந்தண்ணை கொத்துக்குள் கோழி போட்டதை ஒப்புக்கொண்டார். சிஞ்ஞோரா அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்து, தன் கட்டிலிலேயே, எங்கள் கதைகள் வயிற்றில் இருக்க, போய்ச் சேர்ந்தார். ரோசாலியா அம்மாவிடம் அவருக்காக ஒரு திரி கொளுத்தினோம்.

அண்ணை இப்போது வேறு வீட்டில் வேலை. இனிக் கதை தேவையில்லை, ஆனாலும் "பிறகென்ன?" போகவில்லை. கோட்டும் போகவில்லை. மகன் அதை அவருக்கே கொடுத்துவிட்டான்.

அவருடைய கதையை நாங்கள் இன்னும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கூட, கதை சொல்லக்கூடாது என்று சட்டம் போட்ட அதே மனிதர், "அவராய்ச் சொல்லட்டும்" என்கிறார். சொல்ல வரும் நாளில் அதில் சாப்பாடு இல்லை என்று அவர் சொல்லிவிடக் கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில், மலையால் இறங்கி வந்ததும், அவருக்கும் சேர்த்துத்தான் புட்டு அவிக்கிறேன்.