கரும்பலகைக்கு முன்னால் வெடிக் கங்காணி

கொட்டகலைக்கு மேலே உள்ள மலைகளில் வெடிக் கங்காணி அளவுக்கு ஏசத் தெரிந்த மனிதர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ரோடு போடப் பாறைக்கு வெடி வைத்த காலத்தில்கூட மலை அவ்வளவு அதிரவில்லை என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெரிசுகள் சத்தியம் செய்வார்கள். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்து போயிருந்தது என்பது என் சந்தேகம்.

ஐம்பதுகளில் நான் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பள்ளிக்கூடம் என்றால் ஒரே கூடம், இடுப்பளவு சுவர், மேலே தகரம். அதற்கு நேர் மேலே உள்ள மலையில் பெண்கள் கொழுந்து எடுப்பார்கள். அவர்களிடம் வேலை வாங்குகிறவர் வெடிக் கங்காணி. நான் கீழே நல்லொழுக்கப் பாடம் நடத்துவேன். அவர் மேலேயிருந்து வேறொரு பாடம் நடத்துவார். பிள்ளைகளுக்கு எது சீக்கிரம் மனப்பாடமாயிற்று என்று சொல்லத் தேவையில்லை.

கொழுந்தை விட்டுவிட்டு முற்றலைக் கிள்ளினால் அந்தப் பெண்ணின் பாட்டனிலிருந்து ஆரம்பிப்பார். அத்தை, சித்தப்பன், அவர்கள் ஏறிவந்த கப்பல், அந்தக் கப்பலை ஓட்டினவன் என்று ஒருவரையும் விடமாட்டார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "கங்காணி இன்னைக்கி மாமியார மறந்துட்டாரு" என்று எடுத்துக் கொடுக்கிறவர்களும் உண்டு.

இப்பேர்ப்பட்ட மனிதர் கத்தோலிக்கர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டனிலிருந்து சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்து பள்ளிக்கூடத்திலேயே பூசை வைப்பார். நான் திருநீறு பூசுகிறவன். ஆனாலும் சாவி என்னிடம் இருந்ததால் உட்காரும் வாங்குகளை நகர்த்திக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பேன். பாவங்களை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனம் கேட்கத் தனி இடம் கிடையாது. என் கரும்பலகையைக் குறுக்கே வைத்து, அந்தப் பக்கம் சாமியார் உட்காருவார்; இந்தப் பக்கம் பாவம் செய்தவர் முழங்காலில் நிற்பார்.

அந்த வருடம் தவக்காலத்தில் கங்காணிக்கு என்ன தோன்றியதோ, ஏசுகிற பழக்கத்தை விட்டே தீருவதென்று முடிவு செய்து, கரும்பலகைக்கு முன்னால் முழங்காலிட்டார். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் பேசியே பழகிய தொண்டை. மெல்லப் பேச அவரிடம் வேறு குரல் இல்லை.

"சாமி, நான் கெட்ட வார்த்த பேசுற பாவி."

"மெதுவா சொல்லுப்பா."

"மெதுவாத்தான் சாமி சொல்றேன். மொத வார்த்த என்னான்னா..."

"வார்த்தைய சொல்ல வேணாம். பாவத்த மட்டும் சொன்னாப் போதும்."

பாவசங்கீர்த்தனத்தில் எதையும் ஒளிக்கக் கூடாது என்பதில் கங்காணி கறாரானவர். ஒவ்வொன்றாகச் சொன்னார். லயத்திலிருந்து பெரிய கூட்டம் கூடிவிட்டது. பாதிப் பேர் முருகன் கோயிலுக்குக் கிளம்பியவர்கள். நடுவில் அவர் ஒரு வார்த்தையை மறந்து திணறியபோது வெளியிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்ததாகவும் ஞாபகம்.

சாமியார் விதித்த அபராதம் எளிமையானது. கெட்ட வார்த்தை வாய்க்கு வரும்போதெல்லாம் அதை விழுங்கிவிட்டு ஒரு புனிதரின் பெயரைச் சொல்ல வேண்டும்.

மறுநாளே மலை கிடுகிடுத்தது. "அடியே அந்தோனியாரே, அந்த வாதுல கொழுந்த யாருக்குடி விட்டுட்டுப் போற? சவேரியாரே, கைய வீசிப் போடு. செபஸ்தியாரே, ஒங்க அப்பன் வீட்டுத் தோட்டமா இது?" பெயர்தான் மாறியது. கண் சிவப்பதும் பல்லைக் கடிப்பதும் கம்பால் தரையை அடிப்பதும் அப்படியே இருந்தன. பெண்களில் பெரும்பாலோர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். கங்காணி எங்கேயோ போய்ப் புது ஏச்சு கற்றுக்கொண்டு வந்திருக்கிறார், பழையதைவிட மோசமானது போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் சாமியார் வரும்போது பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் சண்டை உச்சத்தில் இருந்தது. "போடி செபஸ்தியாரே" என்றாள் ஒருத்தி. "நீதாண்டி செபஸ்தியாரு. ஒன் பரம்பரையே சவேரியாரு" என்றாள் இன்னொருத்தி, குடத்தை ஓங்கிக்கொண்டு. சாமியார் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நானே பார்த்தேன்.

இத்தனை கூத்திலும் சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். முத்தாயி. அந்த மலையில் அவளைப் போல் கொழுந்து எடுக்கிறவள் கிடையாது. கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. முந்தைய மழைக்காலத்தில் ஒருநாள் அவள் கூடை சரிந்து கொழுந்தெல்லாம் சேற்றில் கொட்டியபோது, கோபத்தில் எல்லோர் முன்னாலும் கங்காணி அவளை மலடி என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் அவரிடம் பேசுவதில்லை. கொழுந்தை நிறுக்கக் கொடுப்பாள், போய்விடுவாள். ஊரில் எல்லோரும் சாதாரணமாகச் சொல்லித் தொலைக்கிற வார்த்தை என்பதால் கங்காணி அதைத் தன் கெட்ட வார்த்தைகளில் சேர்க்கவே இல்லை.

மற்றதெல்லாம் வாயை விட்டுப் போகப் போக, அந்த ஒரு சொல் அவரை உறுத்த ஆரம்பித்தது. அந்த ஞாயிறு கரும்பலகைக்கு முன்னால் அதைச் சொன்னார்.

"ஆண்டவர் மன்னிப்பாருப்பா. ஆனா நீ அந்தப் புள்ளகிட்டயும் போய்க் கேக்கணும்."

கேட்டார். எல்லோர் முன்னாலும் சொன்ன சொல் என்பதால், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், எல்லோர் முன்னாலும் தலைப்பாகையைக் கழற்றிச் சேற்றில் முழங்காலிட்டார். "முத்தாயி, நான் சொன்னது பெரிய பாவம். என்ன மன்னிச்சிரும்மா." மற்ற பெண்களுக்கு ஒரே குஷி. "எங்கிட்டயும் கேளுங்க கங்காணி", "என் மாமியார சொன்னதுக்கும் சேத்துக் கேளுங்க" என்று சூழ்ந்துகொண்டார்கள். முத்தாயி கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிவிட்டாள்.

கேட்டதே போதும், பூசையில் வந்து நன்மை அப்பத்தை நாக்கில் வாங்கு என்றார் சாமியார். "அந்தப் புள்ள எங்கிட்ட வாயத் தொறக்குற வரைக்கும் நான் நன்மைக்கு வாயத் தொறக்க மாட்டேன் சாமி" என்று சொல்லிவிட்டுக் கங்காணி பள்ளிக்கூடப் படியில் போய் உட்கார்ந்தார். மாதா மாதம் அதே படி. பூசை முடிகிறவரை முதுகைக் காட்டிக்கொண்டு அழுவார். அந்த அழுகையும் அடுத்த மலைக்குக் கேட்கும்.

அப்புறம்தான் குளவி கலைந்தது. யாரோ தெரியாமல் செடிக்குள் கை விட, கூடு மொத்தமும் கிளம்பிற்று. "அந்தோனியாரே, ஓடுங்க. சவேரியாரே, ஓடுங்கடி" என்று கங்காணி கத்தினார். தினமும் கேட்கிற ஏச்சுத்தானே என்று ஒருத்தியும் நிமிரவில்லை. அவர் பார்த்தார். அத்தனை மாதம் விழுங்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டார். பாட்டன், பூட்டன், கப்பல், மாலுமி எல்லாம் வந்தன. கீழே பாடம் நடத்திக்கொண்டிருந்த நான் சாக்கட்டியை நழுவ விட்டேன். பெண்கள் கூடைகளை எறிந்துவிட்டுத் தலைதெறிக்க ஓடினார்கள். கடைசி ஆளாக இறங்கி வந்த கங்காணியின் முகத்தில் கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை.

அந்த ஞாயிறே பூசை. வீங்கிய முகத்தோடு முழங்காலிட வந்தவரைச் சாமியார் யார் என்று கேட்டார். குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டார்.

"எல்லாம் போச்சு சாமி. அம்புட்டையும் பேசிட்டேன். நான் திருந்துற சென்மம் இல்ல."

"விழுந்தா எந்திரிக்கணும்ப்பா. அதுக்குத்தானே நான் மாசா மாசம் வர்றேன்."

பாவப் பொறுத்தல் கொடுத்தார். கங்காணி வாங்கிக்கொண்டு, வழக்கம்போலப் படியில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் லயத்துப் பக்கமிருந்து முத்தாயி வந்தாள். நேரே அவர் முன்னால் நின்றாள்.

"அன்னைக்கி ஒங்க வாயில வராத வார்த்த இல்ல கங்காணி. நான் கேட்டுக்கிட்டேதான் ஓடுனேன். அந்த ஒன்னு மட்டும் வரல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் என்னா பாத்துக்கிட்டு இருக்கீங்க? எந்திரிங்க, அந்தோனியாரே. உள்ள சாமி காத்துக்கிட்டு இருக்காரு."

அவர் எழுந்து உள்ளே போனார். சாமியாருக்கு முன்னால் முழங்காலிட்டு வாயைத் திறந்தார். அந்த வாய் திறந்தும் சத்தம் வராததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. கோபம் தலைக்கேறினால் இன்றும் என் வாயில் முதலில் வருவது அந்தோனியார்தான். நெற்றி நிறையத் திருநீற்றோடு நான் அப்படிக் கத்துவதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள். நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.