மனைவிக்காக வாதாடும் கணவர்

அரசாங்க அலுவலகத்தின் கதவு திறக்கும் முன்பே, கையில் தடித்த கோப்போடும், இன்னும் யாரும் அவமானப்படுத்தாமலேயே அவமானப்பட்டுவிட்ட முகத்தோடும் வாசலில் ஒருவர் நிற்பாரே, அவரைத் தெரியுமா உங்களுக்கு? பக்கத்தில் அவருடைய மனைவியும் நிற்பார். அவரை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் பேசுவது முழுக்க இவர்தான். இவர்தான் உரிமைக் கணவர். ஐரோப்பாவின் ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் குடியேறி, வேறு கண்டத்தில் பெண் எடுத்து, அந்தப் பெண் தன்னோடு தங்குவதற்கான அட்டையை வாங்க வந்திருப்பவர்.

ஸ்பெயினில் எங்கள் அல்மேரியா ஊரில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி பிரேபென் லிண்டகோர். டென்மார்க்காரர், பாலம் கட்டும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆறு வருடமாக இங்கே வெயில் காய்கிறார். பொலிவியாவின் கோச்சபாம்பாவில் சுல்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த நாளிலிருந்து ஐரோப்பியச் சட்டத்தை அச்செடுத்து, மூன்று நிற மையில் கோடு போட்டு, காலையில் தக்காளி தடவிய ரொட்டியோடு சேர்த்துத் தின்றுகொண்டிருக்கிறார். மூலைக் காபிக் கடையில் யாராவது கல்யாணம் என்று வாயெடுத்தால் போதும். "முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும்" என்று தொடங்குவார். எதிரில் இருப்பவன் பிரம்மச்சாரியா, விவாகரத்து ஆனவனா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. "ஐரோப்பியன்னா எங்க போனாலும் ஐரோப்பியன்தான்யா! நம்மள ஒருத்தன் கேள்வி கேட்க முடியாது" என்று முடிக்கும்போது கேட்டவரின் காபி ஆறிப்போயிருக்கும்.

சுல்மாவின் தாய்மொழியே ஸ்பானிஷ். பிரேபெனின் ஸ்பானிஷ், பீர் வாங்கவும் சண்டை போடவும் போதும். ஆனாலும் அவளுக்காகப் பேசுவது அவர்தான். "நீ பேசினா உன்னை ஏமாத்திடுவாங்க, சுல்மா" என்பார். அவள் சிரித்துக்கொள்வாள். கோச்சபாம்பாவில் சொந்தமாகக் கேக் கடை நடத்தியவள், இங்கே ஒரு செருப்பு வாங்கவும் கணவனிடம் காசு கேட்கவேண்டியிருப்பது மட்டும் அவளுக்குச் சிரிப்பாக இல்லை. பக்கத்துத் தெரு ரொட்டிக்கடைக்காரர், அட்டைக்கு விண்ணப்பித்த ரசீதைக் கொண்டுவந்தால் திங்கட்கிழமையிலிருந்து வேலை என்று சொல்லியிருந்தார். விசாவோ வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவர்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று புதன்கிழமை.

சன்னலுக்கு அந்தப் பக்கம் மாரிலுஸ் என்ற அம்மாள், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பேர் என்னம்மா?"

"சுல்மா கிஸ்பே" என்றார் பிரேபென்.

"எந்த ஊரும்மா?"

"கோச்சபாம்பா" என்றார் பிரேபென்.

"ஏங்க, விசா முடியறது உங்களுக்கா, அவங்களுக்கா?"

போதாதா? பிரேபென் எழுந்தார். கோப்பைத் திறந்தார். குடிமகன் நடமாடும் சுதந்திரம், குடும்பம் சேர்ந்து வாழும் சுதந்திரம், அதிகாரிகள் காட்டவேண்டிய மரியாதை என்று மூன்று நிறங்களிலும் வாசித்து, "இது நீங்க போடுற பிச்சை இல்லம்மா, உரிமை!" என்று மேசையைத் தட்டினார். பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

"நல்லாப் பேசினீங்க" என்றார் மாரிலுஸ். "உங்க மனைவியோட காகிதமெல்லாம் சரியா இருக்கு. உங்க பச்சைத்தாள் எங்கே?"

"எது?"

"இந்த ஊர்ல குடியிருக்கேன்னு நீங்க பதிவு பண்ணின தாள்."

"நானா? எனக்கு எதுக்கு? நான் ஐரோப்பியன்!"

"அதனாலதான் கேக்கறேன். அவங்களுக்கு உரிமை உங்க வழியா வருது. நீங்க இங்க குடியிருக்கறதாவே எங்ககிட்ட பதிவு இல்லையே! ஆறு வருஷமா ஊர் சுத்திப் பாக்கவா வந்திருக்கீங்க?"

பிரேபென் பக்கங்களைப் புரட்டினார். மனைவி என்ற சொல் வந்த இடமெல்லாம் மையில் குளித்திருந்தது. கணவன் செய்யவேண்டியதைச் சொன்ன வரிகள் அச்சடித்தபடியே பளிச்சென்று இருந்தன.

"பதிவு பண்ண முன்கூட்டியே நேரம் வாங்கணும். மூணு வாரத்துக்கு ஒரு நேரமும் காலி இல்லை" என்றார் மாரிலுஸ்.

பிரேபென் உட்கார்ந்துவிட்டார். பாவம், அவரைச் சும்மா சொல்லக்கூடாது. அறுபது வயதுவரை தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர். தன் அசட்டு நகைச்சுவைக்குச் சிரிக்கிற ஒருத்தியை யாரோ விமானம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்தான் இத்தனை நாளும் மூன்று நிறத்தில் கோடு போட்டது, மேசையைத் தட்டியது. இப்போது அவர் கோப்பை மூடி வைத்தார். சுல்மா அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் குனிந்தாள்.

"அம்மா, வரேன்னு சொல்லிட்டு வராம போறவங்க யாராவது இருப்பாங்களே? இவர் நல்ல மனுஷன்தான். சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

மாரிலுஸ் சிரித்துவிட்டார். "என் வீட்லயும் ஒண்ணு இருக்கு மகளே. நாளைக்குக் காலைல ஒருத்தர் வரலன்னு சொல்லிட்டார். அந்த நேரத்துக்கு இவரைக் கூட்டிட்டு வா. இவர் தாள் கையில வந்ததும் உன் விண்ணப்பத்தை நானே வாங்கிக்கறேன்."

அப்படியே நடந்தது. திங்கட்கிழமை சுல்மா ரொட்டிக்கடையில் மாவு பிசைந்தாள். பிரேபென் திருந்தினாரா? காபிக் கடையில் ஓர் அயர்லாந்துக்காரரைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மனைவி காகிதம் அப்புறம் பார்க்கலாம். நீ பதிவு பண்ணிட்டியா? இதை நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிட்டு வரேன்!"

டென்மார்க்காரர்தானே என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு அச்செடுத்த சட்டம் தேவையில்லை. வங்கி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எங்கே போனாலும் வீட்டுக்காரம்மாவுக்காக நீங்கள் எவ்வளவு பேசுகிறீர்கள்! அது அந்த அம்மாவுக்கு உதவியாகத்தான் இருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, பதிலையும் நீங்களே சொல்லிவிடாதீர்கள்.