பில்லியர்ட்ஸுக்கு உயிர் கொடுத்த கதை

தைனான் நகரத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் பில்லியர்ட்ஸ் ஆர்வம் குறைந்து வருகிறது என்ற துயரச் செய்தியை எங்களுக்கு முதலில் தெரிவித்தது அரசாங்கம்தான். அதுவரை நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம்.

உண்மையைச் சொன்னால் குறைந்துதான் இருந்தது. ஒரு காலத்தில் ஃபாங் அக்காவின் கூடத்தில் ஆறு மேசையும் நிரம்பி, முறைக்குக் காத்திருப்பவர்கள் மாடிப்படி வரை உட்கார்ந்திருப்பார்கள். இப்போது மொத்தம் பதினெட்டுப் பேர். எல்லாருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இளவட்டங்கள் எல்லாம் எதிர்த் தெருவில், கண்ணாடிப் பெட்டிக்குள் இரும்புக் கையை இறக்கிப் பொம்மை பிடிக்கும் கடையில் நின்றார்கள். பொம்மை கிடைப்பதில்லை. ஆனாலும் நின்றார்கள்.

கட்டடம் ஊராட்சி அலுவலகத்துக்குச் சொந்தம். அங்கிருந்து வந்த கடிதம் சுருக்கமாக இதைத்தான் சொன்னது: "நலிவுற்ற விளையாட்டுகள் மீட்புத் திட்ட"த்தில் கூடம் சேர்க்கப்பட்டால் குத்தகை பத்து ஆண்டுக்கு நீளும். இல்லையென்றால் இடம் பொம்மைக் கடைக்காரருக்குப் போகும். அக்கா கணவனை இழந்த பிறகு இருபத்திரண்டு வருடமாக அந்தக் கூடத்தில்தான் வாழ்ந்தாள். கடிதத்தை வாசித்துவிட்டு வெகுநேரம் ஒரு மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மறுவாரம் பிரிவு அலுவலர் ஷியே ஆய்வுக்கு வந்தார். நல்ல மனிதர். யாரையும் திட்டமாட்டார். விதியை மட்டும் வாசித்துக் காட்டுவார்.

"தினம் எத்தனை பேர் ஆடுறாங்கம்மா?"

"பதினெட்டுப் பேர் சார். மழையா இருந்தாலும் வந்துடுவாங்க," என்றாள் அக்கா பெருமையாக.

ஷியேயின் முகம் வாடியது. "அப்படிச் சொல்லாதீங்க. அஞ்சு பேருக்கு மேல ஆடினா நலிவுல வராது."

"அப்போ இன்னும் நாலு பேரைச் சேர்த்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார் ஹோவ் அண்ணன். ஓய்வுபெற்ற தபால்காரர், எங்கள் எல்லாரிலும் கெட்டிக்கார ஆட்டக்காரர்.

"இருபது தாண்டினா செழிப்பு. செழிப்பா இருக்கறவங்க சொந்தமா இடம் பார்த்துக்கலாமே. நீங்க இப்ப ரெண்டுங்கெட்டான்ல நிக்கறீங்க."

"அதாவது, பிழைக்கணும்னா முதல்ல செத்துக் காட்டணும்," என்றார் அண்ணன்.

"மூணு மாசம் போதும்," என்றார் ஷியே ஆறுதலாக.

பில்லியர்ட்ஸைக் காப்பாற்றுவதற்காக நாங்கள் பில்லியர்ட்ஸ் ஆடுவதை நிறுத்தினோம். பதினெட்டுப் பேரும் தினமும் வந்தோம். சுவரோர பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, ஆறு மேசைகளையும் பார்த்தோம். சாவு வீட்டில்கூட யாராவது எதையாவது பேசுவார்கள். செவ்வாயும் வெள்ளியும் ஷியே வருவார். மேசையில் விரலைத் தேய்த்துத் தூசியைப் பார்த்து, "முன்னேற்றம் தெரியுது," என்று எழுதிக்கொள்வார்.

ஹோவ் அண்ணனுக்குத்தான் தாங்கவில்லை. ஒருநாள் குடையைப் படுக்கைவாக்கில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, இல்லாத பந்தை அடித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஷியே படியேறி வந்தார்.

"என்ன செய்யறீங்க?"

"குடை ரிப்பேர் சார்."

"விரல்ல கோல் நுனிக்குப் பூசற நீலச் சுண்ணம் ஒட்டியிருக்கே?"

"அது பழசு. கழுவினா போகாது."

அதற்கு மூன்று பிரதிகளில் விளக்கக் கடிதம் கேட்கப்பட்டது. அண்ணன் எழுதிக் கொடுத்தார்: "நான் அடித்த பந்து இல்லாத பந்து. அதுவும் குழிக்குள் விழவில்லை." அலுவலகம் இரண்டாவது வாக்கியத்தைச் சாதகமாக எடுத்துக்கொண்டது.

தொண்ணூறு நாள் முடிந்ததும் சிவப்பு முத்திரையோடு நலிவுச் சான்றிதழ் வந்தது. பில்லியர்ட்ஸ் இந்த ஊரில் முறைப்படி அழிந்துவிட்டது என்று அதில் இருந்தது. நாங்கள் கைதட்டினோம். அக்கா அதைச் சட்டம் போட்டு மாட்டினாள்.

உயிர் போனது உறுதியானதால், உயிர் கொடுக்கத் தலைநகர் தைபேயிலிருந்து ஆலோசகர் விவியன் வந்தாள். முப்பது வயது, வெள்ளைவெளேரென்ற செருப்பு, குரல் பஞ்சு மாதிரி. கூடத்தை ஒரு சுற்று சுற்றிவந்து பெருமூச்சு விட்டாள்.

"உங்க ஆட்டத்துல மோதல் ரொம்ப அதிகம்," என்றாள்.

"பந்தும் பந்தும் மோதணுமேம்மா," என்றேன் நான். ஸ்கூட்டர் மெக்கானிக்குக்குத் தெரிந்த பௌதிகம் அவ்வளவுதான்.

"காங் சார், இப்போ எல்லாரும் அமைதியைத் தேடறாங்க. அடிக்கறது, தள்ளறது, குழிக்குள்ள விழறது... இந்த வார்த்தைங்க மனசைப் புண்படுத்தும். நாம 'அனுப்பிவைக்கறது'ன்னு சொல்லலாமே."

அடுத்து அவள் கண் நாலாம் எண் பந்தின் மேல் விழுந்தது. எங்கள் மொழியில் நாலும் சாவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும். ஆஸ்பத்திரியில் நாலாவது மாடியே கிடையாது. குடும்பங்கள் வந்து மகிழும் இடத்தில் நாலாம் பந்து எதற்கு என்றாள். எடுத்தாள். எண் வரிசைப்படி அடிக்க வேண்டிய ஒன்பது பந்து ஆட்டத்தில் எட்டுப் பந்து மிஞ்சியது. அடுக்கி வைத்தால் நடுவில் பல் விழுந்த வாய் போல இருந்தது.

"மூணுக்கு அப்புறம் நான் எதை அடிக்கறது?" என்று கேட்டார் ஹோவ் அண்ணன்.

"ஒரு நிமிஷம் கண்ணை மூடி மூச்சு விடுங்க. அப்புறம் அஞ்சு."

பச்சைத் துணியைக் கிழித்துப் பீச் பழ நிறத் துணி போட்டார்கள். சுவரெல்லாம் காகிதப் பூ. ஐந்து மேசைக்கு வட்ட விளக்கு. பழைய ஆறாவது மேசை மட்டும் அந்த நிறத்துக்கு ஒத்துவராததால் "கழிவுப் பொருள்" என்று சீட்டு ஒட்டப்பட்டுப் படிக்கட்டின் கீழே போடப்பட்டது.

கூட்டம் வந்தது. அதை மறுக்க முடியாது. ஜோடி ஜோடியாக வந்து, கோலைத் தலைகீழாகப் பிடித்து, மேசை மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒவ்வொருவரும் சாயும்போது பந்துகள் உருண்டு அழகு கெட்டது. அதற்கும் விவியன் வழி கண்டுபிடித்தாள். அடிக்கும் வெள்ளைப் பந்தைத் தவிர மற்ற பந்துகளைப் பசை வைத்து மேசையோடு ஒட்டிவிட்டாள்.

அக்கா அன்றைக்கு என் பட்டறைக்கு வந்தாள். பழுதான ஸ்கூட்டர் ஒன்றின் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"ஒட்டிட்டாங்க காங்," என்றாள். கணவனின் ஈமச்சடங்கில்கூட அழாதவள் அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திறப்பு விழாவுக்கு ஊராட்சித் துணைத் தலைவர் வந்தார். மாலை, மேளம், பதினோரு காமிரா. கோட்டைக் கழற்றிவிட்டு முதல் அடியை அடித்தார். பாவம், மனுஷனுக்குக் கையில் பலம் இருந்தது. வெள்ளைப் பந்து பாய்ந்துபோய் அந்த எட்டுப் பந்துகளில் மோதியது. ஒன்றுகூட அசையவில்லை. வெள்ளைப் பந்து போன வேகத்தில் திரும்பி வந்து மேசையைத் தாண்டி, விவியனின் வெள்ளைச் செருப்பின் மேல் விழுந்தது.

துணைத் தலைவர் ஷியேயைப் பார்த்தார். ஷியே கோப்பைப் பார்த்தார்.

"நிலைத்தன்மை," என்றார் ஷியே.

"பிரமாதம்!" என்றார் துணைத் தலைவர். எல்லாரும் கைதட்டினார்கள். விவியன் ஒற்றைக் காலில் நின்றபடி தட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து கழிவுப் பொருளைத் தூக்கினோம். கல் பலகை வைத்த மேசை. இரண்டு பேருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. காய்கறிச் சந்தையை ஒட்டியிருந்த என் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து போட்டு, நாலாம் பந்து உட்பட ஒன்பது பந்தையும் அடுக்கினோம். ஹோவ் அண்ணன் கோலை எடுத்தார். ஆடினார். ஜெயித்தார். மறுபடி ஜெயித்தார். நாங்கள் பழையபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் பக்கமாகப் போன மீன்கடைப் பெங் அம்மா, ரப்பர் பூட்ஸோடு நின்று பார்த்தாள். "நான் ஒரு அடி அடிச்சுப் பார்க்கட்டுமா?"

"ஜெயிச்சவன் மேசையை விட்டு இறங்கமாட்டான். அதுதான் வழக்கம்," என்றார் அண்ணன் பந்திலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல்ல கோலைப் பிடிக்கக் கத்துக்கிட்டு வாங்க. இது மீன் வெட்டறது இல்ல."

பெங் அம்மா போகத் திரும்பினாள். அப்போதுதான் அக்கா வெடித்தாள்.

"என் கூடத்தைக் காலி பண்ணது பொம்மைக் கடைன்னு இத்தனை நாள் நினைச்சேன். நீதான்யா! புதுசா எவன் வந்தாலும் இப்படி ஒரு சொல்லு சொல்லி அனுப்பினே. ஒருத்தன் நாள் பூரா ஆடுவான், பதினேழு பேர் வேடிக்கை பார்ப்பாங்க. அந்தப் பொம்மை யாருக்கும் மாட்டறதில்ல. ஆனா அந்த மிஷின் யாரையும் அவமானப்படுத்தறதும் இல்ல."

அண்ணன் கோலைச் சாத்திவிட்டுப் போனார். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு டப்பா முகப்பவுடரோடு வந்து நேராக மீன்கடைக்குப் போனார்.

"கை ஈரமா இருந்தா கோல் விரலுக்குள்ள வழுக்கிட்டு ஓடாது. இதைப் போட்டுக்கோங்க," என்றார். அவரால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வழக்கத்தைத் தலைகீழாக்கினோம். ஜெயித்தவர் இறங்க வேண்டும், தோற்றவர் நின்று இன்னொரு ஆட்டம் ஆடலாம். இறங்கியவர் ஒரு புது ஆளுக்குக் கோல் பிடிக்கச் சொல்லித்தர வேண்டும். வேறு எதுவும் செய்யவில்லை. பெங் அம்மா தினம் பதினோரு மணிக்கு, கடையில் மீன் தீர்ந்து ஐஸ் மட்டும் மிஞ்சும் அரைமணி நேரத்தில் வருவாள்.

"முள்ளு எங்க இருக்குன்னு மீனைத் திறக்காமலே தெரியுமில்ல, அந்த மாதிரிதான் இது," என்று சொல்லிக்கொண்டே பந்தை மேசையோரத்தில் இடித்துக் குழியில் போடுவாள். கடை வைத்த பத்தொன்பது வருடத்தில் அவளுக்கென்று கிடைத்த அரைமணி நேரம் அதுதான் என்று ஒருநாள் சொன்னாள். நாலு மாதத்தில் அறுபத்து மூன்று பேர் ஆடினார்கள். பொம்மைக் கடைப் பையன்கள்கூட வந்தார்கள்.

ஷியேயும் வந்தார், வியர்த்து வழிய.

"என்னம்மா இது! அனுமதி இல்லாம ஆர்வம் அதிகமாயிருக்கு! நலிவுச் சான்றிதழ் என்ன ஆகறது? திட்டம் என்ன ஆகறது? இந்த விளக்கக் கடிதத்துல கையெழுத்துப் போடுங்க."

"கையெழுத்துதானே வேணும்? என் ஆட்டம் முடியட்டும் சார்," என்றாள் அக்கா.

அவர் காத்திருந்தார். காத்திருந்தவர் கையில் யாரோ கோலைக் கொடுத்துவிட்டார்கள். பெங் அம்மாவில் தொடங்கி ஐந்து பேரிடம் தோற்றார். எங்கள் வழக்கப்படி தோற்றவர் இறங்க வேண்டியதில்லை. அன்று பிற்பகல் அவர் அலுவலகம் திரும்பவில்லை. மறுநாள் "மறு ஆய்வு" என்று எழுதிவிட்டு வந்தார். அதற்கு மறுநாளும்.

எங்கள் மேல் இருந்த அன்பினால் அவரே ஒரு யோசனை சொன்னார். தெருவோரமாக இப்படிக் கூட்டம் கூடினால் இடைஞ்சல் என்று யாராவது மனுப் போடுவார்கள். ஒரு சங்கமாகப் பதிவு செய்துவிட்டால் யாரும் கை வைக்க முடியாது. அரைப் பக்க விண்ணப்பம்தான்.

அரைப் பக்கம்தான். ஆனால் அதில் தலைவர், செயலாளர் என்று கோடு போட்டிருந்தது. ஹோவ் அண்ணன் தலைவர். அக்கா பொருளாளர். நான் துணைச் செயலாளர். நான் வாழ்க்கையில் துணை எதுவாகவும் இருந்ததில்லை, ஆகவே முகவரி அட்டை அச்சடித்துக்கொண்டேன். மீதிப் பேர் மனம் புண்படக் கூடாது என்று ஒழுங்குக் குழு, சுண்ணக் குழு, வரிசைக் குழு, உடைக் குழு என்று அமைத்தோம். ஷியே கௌரவ ஆலோசகர். ஜெயித்தவர் இறங்குவது குறித்துத் திருத்தம் வந்தது: தலைவர் ஜெயித்தால் அது பொருந்தாது. புதிதாக வருபவர்கள் இரண்டு உறுப்பினரின் பரிந்துரையோடு வர வேண்டும் என்று வைத்தோம். ஒழுங்கு வேண்டுமல்லவா.

கூட்டம் நடத்த இடம் இல்லை. தட்டையாக இருந்தது அந்த மேசை ஒன்றுதான். அதன் மேல் ஒட்டுப்பலகை போட்டுக் கோப்புகளைப் பரப்பினோம். முதலில் வாரம் ஒருமுறை, பிறகு தினமும்.

சென்ற வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பெங் அம்மா வந்தாள். பூட்ஸிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உடைக் குழு பூட்ஸைப் பற்றி இன்னும் முடிவெடுக்காததால் அவளைச் சங்கத்தில் சேர்ப்பது நிலுவையில் உள்ளது என்று நான் பணிவோடு தெரிவித்தேன். அவள் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்கள் பதினான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இங்க யாருக்குமே ஆடத் தோணலையா?" என்றாள்.

தலைவர் கோப்பின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பெங் அம்மா கடைக்குப் போய், அரைமணி நேரம் முன்னதாகவே ஐஸை அள்ளிக் கொட்ட ஆரம்பித்தாள்.

அவள் கேட்டதை நான் விட்டுவிடவில்லை. துணைச் செயலாளர் என்ற முறையில் குறிப்பேட்டில் முழுமையாகப் பதிவு செய்திருக்கிறேன்: "உறுப்பினரல்லாத ஒருவர் வாய்மொழியாக ஒரு வினா எழுப்பினார். பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, ஏகமனதாக ஒத்திவைக்கப்பட்டது."