கவர்னரம்மாவின் கறுப்புச் சட்டை

லவாலிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரின் கார் வாசலில் நின்றபோதுதான் அனுசூயாவின் கண்ணில் அது பட்டது. வரவேற்பறைச் சுவரில் பச்சைக் கிரேயோனால் கீறிய முழு முதலை!

"என்னப்பா, அந்தப் படத்தைக் கொண்டோடி வாங்கோ!"

கணவர் பேரின்பநாதன் ஓடிப்போய்ப் படத்தை எடுத்துவந்து, முதலையை மறைத்து மாட்டினார்.

தரகர் பத்திநாதர் முதலே எச்சரித்திருந்தார். "அவையள் பெரிய இடம். ஆக்களின்ரை பிள்ளை பாக்கிற கதையை மூச்சும் விடாதேங்கோ." அதனால் அனுசூயா வீட்டிலேயே நடத்திய கார்டெரி என்ற பிள்ளை பராமரிப்பகம், தொட்டில் பொம்மைகளோடு காலையிலேயே பேஸ்மென்டுக்குள் இறங்கிவிட்டது. முதலை மட்டும் மேலே தங்கிவிட்டது. மகள் கோபிகாவுக்கு இது மூன்றாவது சம்பந்தம். முந்தைய இரண்டும் தேத்தண்ணிக்கு முன்பே ஆறிப்போனவை.

படம், பக்கத்து வீட்டுச் செலீன் முதல்நாள் தந்த பரிசு. கறுப்பு உடுப்பில் ஒரு வெள்ளைக்காரி, பக்கத்தில் ஒரு குழந்தை. கீழே பித்தளைத் தகட்டில் 'லா கவர்னாந்த்'. கவர்னரை அனுசூயாவுக்குத் தெரியும். 'லா' போட்டால் பிரெஞ்சில் பெண். வேறென்ன வேண்டும்?

மாப்பிள்ளையின் தாய் திலகவதி நேரே படத்தடிக்குப் போனார். "ஆர் இது?"

"கவர்னரம்மா!"

"ஏன் கறுப்புச் சட்டை? கவர்னர் செத்துப்போனாரோ?"

சம்பந்தம் பேசும் வீட்டில் விதவைப் படமா! அனுசூயா கவர்னரை உடனே உயிர்ப்பித்தார். "சீச்சீ, அவர் சுகமா இருக்கிறார். இது மாமியார் செத்த துக்கம்."

"முகத்திலை துக்கத்தைக் காணேல்லையே?" வருங்கால மாமியாரின் குரல் இறுகியது.

பேரின்பநாதன் உதவிக்குப் பாய்ந்தார். "மாமியார் பேந்து பிழைச்சிட்டா! அந்தச் சந்தோசம்."

திலகவதி குழந்தையை உற்றுப் பார்த்தார். "மூண்டு வயசு வரும். நித்திரை தூங்குது. பெத்த தாயெண்டால் இதுக்குள்ளை தூக்கியிருப்பா."

"அது கவர்னற்றை மூத்த தாரத்தின்ரை..." அனுசூயா நாக்கைக் கடித்தார்.

"இரண்டாம் தாரமோ!"

திலகவதியின் கணவர் தியாகராசா பலகாரத் தட்டிலிருந்து நாலாவது பற்றிஸை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. தன் மகள் விட்டுப்போன தொப்பியை எடுக்க வந்த செலீன், சுவரில் படத்தைக் கண்டதும் கைதட்டி, அனுசூயாவைக் கட்டிப்பிடித்துப் பிரெஞ்சில் பொழிந்து தள்ளினாள். தேத்தண்ணித் தட்டோடு வந்த கோபிகா, ஒன்றும் அறியாமல் மொழிபெயர்த்தாள்.

"அம்மா, அது கவர்னர் இல்லை. ஆக்களின்ரை பிள்ளையளை வீட்டிலை பாக்கிற பொம்பிளை. உங்களைப் போலையாம். தன்ரை மகளை நீங்கள் மூண்டு வருசம் பாத்ததுக்குத்தானாம் இந்தப் படம்."

மூன்றாவதும் போச்சு! அனுசூயா கதிரையில் பொத்தென்று இருந்தார். திலகவதியோ கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

தியாகராசா பற்றிஸை விழுங்கி, முதல்முறையாக வாய் திறந்தார்.

"இஞ்சாரும், அப்ப பத்திநாதற்றை கதையைக் கேட்டு எங்கடை பேஸ்மென்டிலை ஒளிச்ச ஏழு தொட்டிலையும் இனி மேலை ஏத்தலாம், என்ன?"