ரெட்டிபாளையத்தில் பிறந்த கடலாமைகள்

குஞ்சுகள் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வெளியே வந்த அன்று அங்கே இருந்தது மூன்றே பேர்: கப்பல் டிரைவர், டீக்கடை ஆரோக்கியம், நான். கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு கடலுக்குக் காவல் காத்த ஒரே மனுஷன், எனக்குத் தெரிந்து, கப்பல் டிரைவர்தான்.

அவர் ஓட்டியது உள்ளூர் சிமெண்ட் ஆலையின் லாரி. ரோட்டில் நாய் படுத்திருந்தால்கூடக் கப்பல் மாதிரி நீளமாக ஹாரன் அடிப்பார். அதனால் அந்தப் பேர். மனைவி இறந்தபின் ஒண்டிக்கட்டை. அதே ஆலையில் வேலை பார்த்த, பக்கத்து அறைக்காரனான என்னோடுதான் பேச்சு.

ஒரு மாசியில் தரங்கம்பாடிக்கு லோடு போனவர், ஆமை முட்டையைத் தோண்டி விற்க வந்தவர்களோடு மல்லுக்கு நின்று, முட்டைகளை ஈரமணலோடு சாக்கில் கட்டி லாரியில் கொண்டுவந்துவிட்டார். எங்கள் அறைகளுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தார்.

"கடல் இங்க இல்லியேண்ணே" என்றேன்.

"குவாரியில வெட்டுற கல்லு பூரா சிப்பி. முன்ன இது கடலுதான்யா. அதுங்களுக்குத் தாய்வூடு."

"கடல் போயி எத்தனையோ காலமாச்சு டிரைவரே" என்றார் ஆரோக்கியம்.

"அது ஆமைக்குத் தெரியவா போவுது?"

நாய்க்கு முள்வேலி, வெயிலுக்குக் கீற்று என்று காவல் காத்தார். ராத்திரியில் நாயை விரட்டி அவர் போட்ட சத்தத்தில் எனக்குத்தான் தூக்கம் போயிற்று. பாதி கூமுட்டை. மீதி, சித்திரையில் ஒரு விடியலில் கறுப்புக் குஞ்சுகளாகக் கிளம்பி, வெளிச்சம் தெரிந்த பக்கம்தான் கடல் என்று ஆரோக்கியத்தின் கடையை நோக்கி ஊர்ந்தன. கப்பலின் முகம் அப்போதுதான் செத்தது. வெயில் ஏறினால் எல்லாம் காய்ந்துவிடும். லாரியை வழி மாற்றி ஓட்டினால் வேலை போய்விடும். கோழிக்கூடையில் ஈரச்சாக்கு விரித்து, குஞ்சுகளை அள்ளிப் போட்டுக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம்.

"கூடையில என்னா?" என்றார் கண்டக்டர்.

"புள்ளைங்க" என்றார் கப்பல்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். கோழிக்கான லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கூடையை இன்ஜின் சூட்டிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னார்.

பஸ் பஸ்ஸாகக் காத்துக் கிடந்து மாறி, தரங்கம்பாடி சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நாலைந்து குஞ்சுகள் அசையவில்லை. மற்றவற்றைக் கப்பல் மணலில் விட்டார். தூக்கிக் கடலில் போடக் கூடாதாம், தானாகத்தான் போக வேண்டுமாம். காக்கைகளைத் துண்டால் விரட்டிக்கொண்டு கூடவே முழங்காலில் தவழ்ந்தார். கடைசிக் குஞ்சையும் அலை வாங்கிக்கொண்டது.

"ஒண்ணுகூடத் திரும்பிப் பாக்கல, பாத்தியா" என்றார்.

கும்பகோணத்தில் ஏறிய விருத்தாசலம் பஸ்ஸில், வெறும் கூடையை மடியில் வைத்தபடி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எங்கள் ஊருக்கு ஜெயங்கொண்டத்தில் இறங்கி வண்டி மாறவேண்டும். ஏற்கனவே ஒரு நாள் மட்டம்; அதை விட்டால் காலையில் இரண்டு பேருக்கும் வேலை இருக்குமோ இருக்காதோ. ஜெயங்கொண்டம் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், பஸ் கிளம்பியது.

நான் அவரை எழுப்பவில்லை.