எட்டயபுரம் ரோட்டில் ஜப்பான் சாப்பாடு

கோவில்பட்டி,
வெள்ளிக்கிழமை.

சீரும் சிறப்புமாக ஜப்பானில் குடியிருக்கும் என் மகள் சுதாராணிக்கு அப்பா பூவனநாதன் எழுதுவது. நான் சுகம். என் முழங்கால் சுகமில்லை, அதைத் தனியாக விசாரித்துக்கொள். மாப்பிள்ளை லிங்கராஜும் பேத்தி விஜியும் நீயும் சுகமாக இருக்கச் செண்பகவல்லியம்மன் துணை. வீடியோ காலில் என் நெற்றி மட்டும்தான் தெரிகிறது என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ குறைப்படுவதால், முழு ஆளும் தெரியட்டுமென்று இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். வீட்டைப் பூட்டிவிட்டு நகோயாவுக்கு வந்து எங்களோடு இருங்கள் அப்பா என்று கேட்டாய். அந்த ஊர்ச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். சாப்பிட்டுப் பார்த்தீர்களா என்றாய். நியாயமான கேள்வி. நம் எட்டயபுரம் ரோட்டில், டயர் கடைக்கு அடுத்தாற்போல், ஜப்பான் சாப்பாட்டுக் கடை ஒன்று திறந்திருக்கிறது. ஜப்பானில் கோபே என்கிற ஊரில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்த இசக்கிராஜா என்பவனின் கடை. ஊரில் பாதிப் பேர் சீக்கிரம் மூடிவிடுவான் என்கிறார்கள், மீதிப் பேர் இன்னும் போர்டையே படித்து முடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்த காலம் முழுக்க, வண்டியை நேரில் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. இதையும் நேரில் பார்த்துவிட்டு, வரமாட்டேன் என்று முறையாகச் சொல்லிவிடலாமென்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மத்தியானம் புறப்பட்டேன்.

வாசலில் அரைத் திரை தொங்கியது. துணி போதவில்லை போல என்று குனிந்து உள்ளே போனால், சமையல்கட்டிலிருந்து எல்லோரும் ஒன்றாகச் சத்தம் போட்டார்கள். எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று ஒதுங்கி வழிவிட்டேன். யாரும் வரவில்லை. அந்த ஊரில் வருகிறவர்களை அப்படித்தான் வரவேற்பார்களாம், பரிமாறுகிற முத்துசெல்வி சொன்னாள். உன் அம்மா போனதிலிருந்து நான் ஒரு வாசலுக்குள் நுழைந்ததற்கு யாரும் குரல் கொடுத்ததில்லை. கொஞ்சம் தடுமாறித்தான் உட்கார்ந்தேன். நான்கு பேர் உட்காருகிற மேஜை. மற்ற மூன்று நாற்காலிகளையும் யாராவது எடுத்துக்கொண்டு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு சின்னச் சின்னத் தட்டுகளாக வந்தன. ஒன்றில் வெள்ளரிக்காய், ஒன்றில் பச்சை மொச்சை மாதிரி ஏதோ அவித்தது, ஒன்றில் பூசணிக்காய் பஜ்ஜி, ஒன்றில் ஊறுகாய். சரி, தொட்டுக்கொள்ள எல்லாம் வைத்தாயிற்று, இனிச் சோறு வரும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பந்தியில் சோறு விழுந்து குழம்பு ஊற்றுவதற்கு முன்னால் கைவைத்தால் உன் அம்மா தொடையில் கிள்ளுவாள், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. முத்துசெல்வியோ நான் இதைத் தின்று முடித்தால்தான் அடுத்ததைக் கொண்டுவருவாளாம். அவள் அங்கே நிற்கிறாள், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். பஜ்ஜி ஆறிப்போனது, விளாத்திகுளம் வண்டி போயே போய்விட்டது. கடைசியில் அவள்தான் வந்து, ஏன் தாத்தா ஒன்றையும் தொடவில்லை என்று கேட்டாள். சோறு வரட்டும் தாயி என்றேன். சோறும் வந்தது, விரல் நீளத்துக்குப் பிடித்துப் பிடித்து. மேலே தூத்துக்குடிச் சீலா மீன் துண்டு, பச்சையாக. சுஷி என்றாள். பாவம், கேஸ் தீர்ந்துபோயிருக்கும், சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து, அடுப்பில் ஒரு திருப்புத் திருப்பி எடுத்துவரச் சொன்னேன். அதுவரை பசி தாங்கட்டுமென்று அவள் இன்னொரு தட்டை வைத்துவிட்டுப் போனாள். வினை அந்தத் தட்டில்தான் வந்தது.

மூன்று உருண்டைச் சோறு. மேலே கறுப்பு எள். நான் உட்கார்ந்திருந்ததோ தெற்கே பார்த்து. உன் அம்மாவின் திதிக்கு இந்தக் கையால் நான் பிடித்து வைத்த பிண்டம் அப்படியே தட்டில் இருந்தது. முத்துசெல்வியைக் கூப்பிட்டு, "தாயி, இது செத்தவியளுக்கு வைக்கதுல்லா, உயிரோட இருக்கவனுக்கு வைக்கலாமா?" என்று கேட்டேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. வைத்ததைத் திருப்பி அனுப்பக் கூடாதே என்று ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டு புறவாசல் வழியாகப் போனேன். அந்தப் பக்கம் பஞ்செடுத்து முடிந்து வெறும் பருத்திமார் நிற்கிற கரிசல் காடு. கட்டைச் சுவர்மேல் உருண்டையை வைத்துவிட்டுக் கா கா என்று கூப்பிட்டேன். கடையே ஜன்னலில் கூடி நின்று பார்த்தது.

ஒரு காக்காய் வந்தது. நம் வீட்டுச் சுவர்மேல் தினமும் வருகிற அதே காக்காய்தான் என்று சத்தியம் பண்ணமாட்டேன், ஆனால் இடதுகாலை நொண்டியது, சிக்குன்குனியா வந்தபிறகு உன் அம்மா நடந்தாளே, அந்த மாதிரி. அதற்கு ஒருவாய் வைக்காமல் நான் ஒருநாளும் சாப்பிடுவதில்லை. நான் உன்னிடம் வந்துவிட்டால் அதற்கு யார் சோறு வைப்பார்கள் என்பதுதான் என் யோசனை, சாப்பாடெல்லாம் சும்மா சாக்கு. சொந்தக்காரர் வீட்டில்கூடக் கைநனைக்க யோசிக்கிறவள், ஜப்பான் சோற்றை ஓர் எள்கூட மிச்சமில்லாமல் தின்றுவிட்டுப் போனாள்.

திரும்ப உள்ளே நுழைந்தேன். மறுபடியும் எல்லோரும் சத்தம் போட்டு வரவேற்றார்கள். ஏதோ மறந்துவிட்ட மாதிரி இன்னொருதரம் வெளியே போய்விட்டு வந்தேன். அதற்கும் வரவேற்றார்கள்.

இசக்கிராஜா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். "அண்ணாச்சி, அங்கன அம்மாமாரு விடியமுன்ன எந்திச்சு, பள்ளிக்கூடம் போற பிள்ளைகளுக்கு இதத்தான் பிடிச்சுக் குடுத்து விடுதாவ" என்றான். விஜி போனில் என் நெற்றியைப் பார்த்தபடி கடித்துத் தின்றது இதைத்தான் என்று அப்போதுதான் பிடிபட்டது. நீ பிடித்த உருண்டை. மீதி இரண்டையும் தின்றேன், உப்பு சரியாக இருந்தது. திருப்பிப்போட்ட மீனையும் ஆறிப்போன பஜ்ஜியையும் தின்றேன். அவன் எழுந்து போய்விடக் கூடாதென்று மெதுவாகவே தின்றேன்.

ஆக, விசாரணை முடிந்தது. நான் வரமாட்டேன். சாப்பாட்டில் குறையில்லை, பந்தி ஒழுங்குதான் தெரியவில்லை. டிக்கெட் போடாதே. இங்கே எனக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் இரண்டு மாதத்துக்கு ஒருதரம் தவறாமல் வருகிறார். கேஸ் கொண்டுவருகிறவன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போவான். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால், கயத்தாறு வண்டி எப்போது என்று யாராவது கேட்காமலா இருப்பார்கள்? ஊரையெல்லாம் வண்டி ஏற்றி அனுப்பினவன் நான், எனக்கு ஏறிப்போகத் தெரியாது. தனியாகச் சாப்பிடுவதும் பழகிவிட்டது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். விஜிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். மூன்று பேரும் குளிருக்கு அடக்கமாக, நோய்நொடி அண்டாமல், வாசலில் நுழைகிறவர்களுக்குக் குரல் கொடுக்கிற வீடாக நீடூழி இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பூவனநாதன்.

பின்குறிப்பு: தனியாகச் சாப்பிடுவது பழகவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிட்டேன், இதில் முகம் முழுதும் விழுந்திருக்கிறது. ஒன்றை மட்டும் விசாரித்து எழுது. உங்கள் ஊரில் காக்காய் உண்டா? நொண்ட வேண்டும் என்றில்லை.